அண்டங்காக்கையின் உள்பக்கம்

சோதனை முடிவு என் கைக்கு வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. விழா முடியும்வரை யாரிடமும் சொல்லாதே என்றிருந்தார் அருங்காட்சியகத் தலைவர். சோதித்தது, கனடாவின் பூர்வகுடிகளான குவாக்வாக்கவாக்கு மக்களிடம் திருப்பித் தரவிருந்த அண்டங்காக்கை முகமூடியை. கயிற்றை இழுத்தால் மர அலகு திறந்து மூடும்.

அந்த மக்கள் சார்பில் பெற்றுக்கொள்ள வந்திருந்த எல்மர் அதை வருடிப் பார்த்தார். "எங்க பாட்டன் கட்டி ஆடினதும்மா. நூறு வருஷமா உங்க வீட்ல ஓசியில உக்காந்திருக்கு" என்று சிரித்தார்.

"போட்டுக் காட்டுப்பா" என்றாள் அவர் மகள்.

அவர் முகமூடியைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். தலைவர் என்னைப் பார்த்து சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அலகை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, குடுக்க மனசு வரலையா?"

தலைவர் பக்கம் திரும்பாமலே சொன்னேன்.

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு உள்பக்கம் முழுக்க ஆர்செனிக் விஷம் தடவியிருக்கோம், சார்."