மின்களம்

திரையில் இருந்த குண்டு பல்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோவிச்சுக்கிட்டேன், போ!" என்றது.

ஒயரைத் தப்பான இடத்தில் இழுத்துவிட்ட மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்கு மட்டும் பகீரென்றது. அந்தப் பல்புக்குக் கோபப்படக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

பல்பின் புருவம், ஒயரை இழுத்தால் வருகிற 'டிங்' சத்தம், சரியாக இணைத்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு எரிவது, எல்லாமே அவளுடையது. விடுமுறை முழுக்க லேப்டாப்பில் கண் எரிய எரிய உட்கார்ந்து செய்தது. குரல் மட்டும் மாறியிருந்தது.

மாறிய குரலுக்குச் சொந்தக்காரி மேடையில் நின்றாள். ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சர். எந்நேரமும் சிரித்த முகம் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் சிரிப்பு மிஸ்.

இரண்டு பேரும் எட்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியைகள். ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். இன்று யாருடைய பாடம் தேர்வாகிறதோ அவருக்கு வேலை நிரந்தரம். மற்றவருக்கு இந்த மாதத்தோடு சரி.

"நான் செடி, வேருன்னு ஏதாவது பண்ணிக்கறேன்டி. கரண்ட்டெல்லாம் உனக்கு" என்று சிரிப்பு மிஸ் போன வாரம்கூடச் சொன்னாள். செடியாம், வேராம்!

வகுப்பு வரிசைப்படி ஆறு முதலில், ஏழு அடுத்து. பின்வரிசையில் அவள் கைக்குள் பென் டிரைவ் வியர்வையில் நனைந்திருந்தது. அதிலும் இதே பல்பு, இதே கோபம். இப்போது போட்டுக் காட்டினால் காப்பியடித்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும்.

எழுந்து கத்திவிடலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, பாடத்தைத் தேர்வு செய்ய வந்திருந்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் இருந்த பேட்டரியை உற்றுப் பார்த்தார்.

"மின்கலம்னு இருக்கணும். மின்களம்னு போட்டிருக்கே? இதென்ன டீச்சர், போர்க்களமா?"

ல, ள. படிக்கிற காலத்திலிருந்தே ஏழாம் வகுப்பு டீச்சரோடு தகராறு செய்கிற எழுத்துகள்.

சிரிப்பு மிஸ் துளிகூடத் தடுமாறவில்லை. கையை நீட்டிப் பின்வரிசையைக் காட்டினாள்.

"எல்லாம் நான் செஞ்சது சார். டைப்பிங் மட்டும் அவங்க உதவினாங்க."

அடிப்பாவி! அத்தனையையும் சுருட்டிக்கொண்டு, தப்பை மட்டும் உரியவளிடம் திருப்பிக் கொடுக்கிறாளே!

அரங்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் எழுந்து நின்றாள்.

"ஆமா சார். தப்பு என்னுதுதான்."

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தப்பை அவள் திருத்தியாயிற்றே! பென் டிரைவில் இருப்பது 'மின்கலம்'. அதுவும் இனி அவளுக்கு எதிரான சாட்சிதான். திருடி, திருத்திக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள்.

அப்படியானால் திருத்துவதற்கு முன்னால் சிரிப்பு மிஸ் எடுத்திருக்கிறாள். எப்போது?

பேட்டரிக்குக் கீழே 'மின்களம்' என்று அவள் டைப் செய்தது விடுமுறை முடிந்த அடுத்த புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையில். உள்ளே அம்மாவுக்கு ஆபரேஷன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். அன்றைக்குப் பிறகு இரண்டு வாரம் அதைத் தொடவில்லை, பீரோவுக்குள் கிடந்தது. எடுத்ததும் முதல் வேலையாக அந்த எழுத்தைத்தான் மாற்றினாள்.

நடுவில் அது அவள் கையை விட்டுப் போனது ஒரே ஒரு முறை. நர்ஸ் வந்து உள்ளே கூப்பிட்டபோது, பக்கத்தில் இருந்தவள் லேப்டாப்பைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். "நீ போடி, அம்மாவைப் பாரு. இத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

லீவு போட்டுவிட்டு அன்று துணைக்கு வந்திருந்தவள் சிரிப்பு மிஸ் ஒருத்திதான். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. சிரிப்பு மிஸ் மேடையிலிருந்து இறங்கி நேரே பின்வரிசைக்கு வந்தாள். எல்லாரும் பார்க்க, இரண்டு கைகளாலும் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அன்றும் அணைத்துக்கொண்டாள். அம்மா போய்விட்டாள் என்று அலறிக்கொண்டு வெளியே வந்தவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். இன்னொரு கைக்குள் சின்னதாக எதையோ மூடி வைத்திருந்தாள்.