சுவருக்கு அந்தப் பக்கம்

அந்த ஏழாவது மாடி வீட்டில் மூன்று மெக்கானிக்குகள் ஏசிக் குழாய் போட்டும் கேஸ் கசிந்தது. "நீ கசியாம போட்டுட்டா மீசையை எடுத்துடறேம்மா" என்று ஏசி மெக்கானிக் அக்காவிடம் சவால் விட்டார் வீட்டுக்காரர்.

கூட வேலைக்கு வந்த தம்பி மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் வெளிச்சுவருக்கு இறங்கியிருப்பான் என்று நம்பி, அக்கா சுவர்த் துளையில் செம்புக் குழாயை நுழைத்தாள்.

"இழுடா!"

குழாய் பதமாக வெளியே போனது.

"நட்டை இறுக்கு!"

ஸ்பேனர் சத்தம் கேட்டது.

பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரமாகியும் மீட்டர் முள் இம்மியும் இறங்கவில்லை. வீட்டுக்காரர் மீசையில்லாமல் வந்து நின்றார்.

பின்னாலேயே தம்பி ஓடிவந்தான். "இவ்ளோ நேரம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்க்கா!" கயிறு அவன் தோளில் சுற்றியபடியே இருந்தது.

அக்கா துளையோரம் குனிந்தாள். "நாளைக்கும் ஒரு வீடு இருக்கு, வந்துடுங்க."

வெளியே குழாயில் இரண்டு தட்டு விழுந்தது.