ஓரத்து சீட்டு

பனச்சமூட்டில் கிழவன் இன்றும் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறி, பெண்கள் நிற்கும் இடத்துக்கு நேரே ஓரத்து சீட்டைப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் விஜயதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இவனை ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்.

ஆரியங்கோட்டில், தினமும் வரும் அந்தப் பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். நெரிசலில் நிற்பவர்கள் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது அந்த ரூட்டில் வழக்கம். ஆனால் இவன் தினமும் அவள் பிள்ளைக்கு மட்டும்தான் கை நீட்டுவான்.

சொந்தமும் இல்லை. கிழவன் சட்டைப் பையில் சின்ன வேதப்புத்தகம், அவள் நெற்றியில் சந்தனக்குறி. அவள் இறங்கும் நெய்யாற்றின்கரையிலேயே இறங்கி, ஒரு ஜோலியும் பார்க்காமல் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவான். இருவரும் ஒரு வார்த்தை பேசி விஜயதாஸ் கேட்டதில்லை. பிள்ளை மட்டும் அவன் மடியில் ஒருநாளும் அழுததில்லை.

பெருங்கடவிளையில் விஜயதாஸ் பெல் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார்.

"எலே, அந்தப் பெண்ணுக்கு சீட்ட ஒழிஞ்சு குடுக்கத் தோணல்ல, மடியில பிள்ள மட்டும் வேணும், இல்லியா? பெண்ணுவ பக்கத்துல ஒட்டி இருக்கதுக்கு பிள்ள ஒரு சாக்கு! இவ உனக்கு ஆருலே? சொல்லு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவளும் கம்பியைப் பிடித்தபடி கிழவனின் முகத்தையே பார்த்தாள்.

கிழவன் மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தான்.

"ஆருமில்ல" என்றான்.

"அப்ப எறங்குலே!"

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, தலை குனிந்தபடி இறங்கினான். பிள்ளை வீறிட்டது. விஜயதாஸ் டபுள் பெல் அடித்தார்.

வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். பாவம், இத்தனை நாள் எப்படிப் பொறுத்தாளோ என்று விஜயதாஸுக்கு மனம் இளகியது.

நெய்யாற்றின்கரையில் எல்லாரும் இறங்கியதும் அவளருகே வந்தார். "இனி பயப்படண்டாம் மோளே. அவன் இந்த வண்டியில ஏறமாட்டான்."

"நான் அம்பலத்துல சாமி முன்ன வச்சு கல்யாணம் செய்த அன்னிக்கு, 'அவ எனக்கு ஆருமில்ல'ன்னு சர்ச்சுல சபைக்கு முன்ன எழும்பி நின்னு சொன்னவராக்கும். இன்னிக்கு பஸ்ஸுலயும் சொல்லிட்டாரு."

குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அது எனக்க அப்பா, சாரே."