மிதக்காத போர்க்கப்பல்

"திருடன் வெளியில இல்ல தாவீது. இந்தப் பட்டறைக்குள்ளதான் இருக்கான்!"

ஹபிபுல்லா கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினார். மேஜைமேல் நாலடி நீளத்துக்கு நின்றிருந்த பித்தளைப் போர்க்கப்பலே ஒருமுறை அதிர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் கையாலேயே முறுக்கி வைத்த நீராவி ஊதல் இருந்த இடத்தில் இப்போது ஓட்டை மட்டும் இருந்தது.

இதோடு ஏழு. பல்சக்கரம், பீரங்கிக் குழாய், பிரஷர் முள் என்று மூன்று மாதத்தில் ஏழு சாமான்கள் காணாமல் போய்விட்டன.

"வந்ததும் வராததுமா சண்டையா? உக்காருங்க பாய்." சிப்காட் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தாவீது அரத்தைக் கீழே வைத்தார்.

"பழவேற்காட்டுல எங்க பாட்டனார் மூணு பாய்மரக் கப்பல் ஓட்டினவரு. அவரு பேரன் பொம்மைக் கப்பலைத் திருட்டுக் குடுத்துட்டு நிக்கிறேன். வெளிய தெரிஞ்சா சிரிப்பானுங்க."

"நீங்க இப்பிடிக் கத்தினா தெரியாம இன்னா செய்யும்?"

எந்தக் கடற்படையிலும் இல்லாத கற்பனைக் கப்பல் அது. பம்ப் ஸ்டவ்வின் பர்னர்தான் கொதிகலனுக்கு அடுப்பு. சுவர்க் கடிகாரங்களின் சக்கரங்கள்தான் எஞ்சின். பக்கவாட்டில் இரண்டு இறக்கைகள் வேறு. பிரவுசிங் சென்டரில் படத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டவர் தாவீது. 'ஸ்டீம்பங்க்' என்று அதற்குப் பெயராம். பித்தளை முழுவதும் ஹபிபுல்லாவின் பழைய சாமான் கிடங்கிலிருந்து வந்தது.

முதல் நாளே ஹபிபுல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "என் பித்தளை வீணாவாம பாத்துக்கத்தான் வரேன். பட்டறையைத் தாண்டி உன் ஊட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன். கப்பல் தண்ணியில மிதக்கிற அன்னிக்கு நம்ம சங்காத்தம் முடிஞ்சிது."

சொன்னால் சொன்னதுதான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவின் பக்கம் இதுவரை அவர் தலை திரும்பியதில்லை. அந்தக் கதவிடுக்கு வழியாக டீ நீட்டப்படும்போதுகூட, தாவீதுதான் எழுந்துபோய் வாங்கிவர வேண்டும்.

"சோழவரம் ஏரியில வுடலாம்னு நாள் குறிக்கிறப்பல்லாம் ஒண்ணு காணாம பூடுது" என்றார் தாவீது. "நீங்களும்தான் மூட்டை மூட்டையா பித்தளை வெச்சிக்கினு, ஒரு சக்கரத்துக்குப் பதில் சக்கரம் எடுத்தார ஒரு மாசம் பண்றீங்க."

"பல்லு பல்லோட சேரணும்யா. கத்திரிக்காயா, கைக்கு வந்ததை எடுத்தார?" ஹபிபுல்லா வலது கையை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாவீது உள்ளே போய் டீ கொண்டுவந்தார். முதல் வாயிலேயே ஹபிபுல்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

டீயில் சர்க்கரை இருந்தது.

அந்தக் கதவு வழியாக வந்த டீயில் இதுவரை ஒருநாளும் சர்க்கரை இருந்ததில்லை. தனக்கு சுகர் என்று அவர் சொன்னதுமில்லை, தாவீது கேட்டதுமில்லை.

"டீ யாரு போட்டது?" அந்த வீட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"நான்தான் பாய்." தாவீது தலையைக் குனிந்துகொண்டார். "ஜபீன் போயிடுச்சி. எட்வர்ட் விசா அனுப்பிட்டான். வியாழக்கிழமை காலையில சார்ஜா ஃப்ளைட்டு."

அந்தப் பெயரை இரண்டு வருடமாக ஹபிபுல்லா தன் காதுபடச் சொல்லவிட்டதில்லை. திருவள்ளூர் ரிஜிஸ்டர் ஆபீசில் தாவீதின் மகனோடு அவள் கையெழுத்துப் போட்ட அன்றே, 'எனக்குப் பொண்ணே கிடையாது' என்று பள்ளிவாசல் முன்னால் நாலு பேர் கேட்கச் சொன்னவர் அவர். வீட்டில் அவர் மனைவி பத்ருன்னிசாகூட மகளை நினைத்து வாய்விட்டு அழ முடியவில்லை.

"ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். எந்த முகத்தோடு கேட்பது?

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன் பாய். வேணாம்னுச்சி. போன ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்புற வரைக்கும் அந்தக் கதவாண்டயேதான் நின்னுக்கினு இருந்தது. நீங்க ஒருவாட்டி திரும்பிப் பாத்தா, சொல்லிட்டுப் போலாம்னு."

ஹபிபுல்லா அன்றுதான் அந்தக் கதவைப் பார்த்தார். அது பாதி திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை.

தாவீது அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "திருடன், திருடன்னு இனிமே கத்தாதீங்க. கப்பல் முடிஞ்சிட்டா வாப்பா வரமாட்டாருன்னு அதுதான் ஒவ்வொண்ணா கழட்டி ஒளிச்சி வெச்சிருக்குது. கிளம்புறப்பதான் சொல்லி அழுதுச்சி."

டப்பாவைக் கவிழ்த்தார் ஹபிபுல்லா. நீராவி ஊதல் உருண்டுவந்து அவர் விரலில் முட்டி நின்றது. பின்னாலேயே பீரங்கிக் குழாய், பிரஷர் முள், ஒரு வால்வு, ஒரு நங்கூரம்.

"அஞ்சுதான் இருக்குது பாய்" என்றார் தாவீது. "அந்த ரெண்டு பல்சக்கரத்தையும் தான் தொடவேயில்லன்னு அது சத்தியம் பண்ணிச்சி. அதை எவன் எடுத்தானோ."

ஹபிபுல்லாவின் வலது கை ஜிப்பாப் பையிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

"அது எங்கிட்டதான் இருக்குது, சம்மந்தி."