மூன்றாவது சாக்லேட்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள் அந்த எட்டு வயதுச் சிறுமி. 'வலிக்குதே' என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டின் திரைச்சீலையே ஆடியது. அவள் கையில் அவசர அவசரமாக ஒரு சாக்லேட்டைத் திணித்தார் வருங்கால டாக்டர்.

"பாப்பா, சீக்கிரம் சொல்லு. உனக்கு என்ன வியாதின்னு பெரிய டாக்டருங்க பேசிக்கிட்டாங்க?"

சத்தம் நின்றது. சிறுமி உறையைப் பிரித்தாள்.

கல்லூரியில் அவருக்குப் பெயர் அரியர் அண்ணன். இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் இது மூன்றாவது படையெடுப்பு. கூடப் படித்த பெண் இப்போது இதே வார்டில் டியூட்டி டாக்டர். இவருக்கு நேரம் முடிந்தால் மணி அடிப்பதே அவள்தான்.

வீட்டில் அப்பா 'டாக்டர்' என்று பெயர்ப்பலகை எழுதி வாங்கி, ஒன்றரை வருடமாகக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறார். இந்த முறையும் கோட்டை விட்டால், பலகையின் பின்பக்கத்தில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதி, மகனின் அறைக்கு வெளியே மாட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

தேர்வில் ஒரு நோயாளியைக் காட்டி அரை மணி நேரம் கொடுப்பார்கள். பரிசோதித்து, நோயைக் கண்டுபிடித்து, வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். ஆனால் நோயாளிக்குத் தன் நோயின் பெயர் எப்படியும் தெரிந்திருக்கும் என்பது சீனியர்கள் வழிவழியாகக் கைமாற்றிய ஞானம். தெரிந்ததைக் கேட்டு வாங்காமல், எதற்கு வீணாக வயிற்றை அமுக்குவது?

"ஒண்ணு பத்தாதுண்ணா" என்றாள் சிறுமி, விரலை நக்கியபடி.

இரண்டாவது சாக்லேட் கைமாறியது.

"குடல் குடலுக்குள்ளயே சொருகிக்கிச்சாமா?"

"இல்லையே."

"காந்த உருண்டை எதையாச்சும் முழுங்கித் தொலைச்சியா? ரெண்டு மூணு முழுங்கினா, உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல குடலைக் கவ்விப் பிடிச்சுக்கும்."

"ஐ! அப்படியெல்லாம்கூட ஆகுமா?" சிறுமியின் கண்கள் விரிந்தன. "மூணாவது இருக்காண்ணா?"

இருந்தது. அவருடைய மதியச் சாப்பாடே அதுதான்.

"முடி" என்றாள் அவள், ரகசியமாக. "நான் முடியைப் பிச்சுப் பிச்சுத் தின்னுட்டேனாம். வயித்துக்குள்ள பந்து மாதிரி உருண்டு அடைச்சிருக்காம்."

அரியர் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. லட்சத்தில் ஒன்று! அரிய கேஸ் என்றால் இந்தத் தேர்வாளர் உயிரையே விடுவார் என்று ஊரே சொல்கிறது. மிச்சமிருந்த இருபத்தைந்து நிமிடமும், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் எப்படிப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஆராய்ந்தார்.

மணி அடித்தது. தேர்வாளர் உள்ளே வந்தார். "ஐயோ... வலிக்குதே!" என்று சிறுமி மறுபடியும் சுருண்டாள்.

"சொல்லுப்பா. என்ன கண்டுபிடிச்ச?"

"ரொம்ப அரிதான கேஸ் சார். முடி உருண்டை. இரைப்பையையே அடைச்சுக்கிட்டு நிக்குது."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கையை வச்சதுமே கல்லு மாதிரி தட்டுப்பட்டுது சார். உச்சந்தலையில வேற பாதி முடி இல்ல."

தேர்வாளர் சிறுமியின் தாம்புக்கயிறு போன்ற இரட்டைச் சடையைப் பார்த்தார்.

"சடை போட்டு மறைச்சிருக்காங்க சார்."

"ஓஹோ. சாப்பாடெல்லாம் எப்படி?"

"பத்து நாளா ஒரு பருக்கை இறங்கலை சார். பச்சத் தண்ணி குடிச்சாக்கூட வாந்தி."

தேர்வாளர் கட்டிலருகே குனிந்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சிறுமியின் வாயோரம் ஒட்டியிருந்த சாக்லேட்டைத் துடைத்துவிட்டார்.

"பச்சத் தண்ணிகூட இறங்காது?"

"சத்தியமா இறங்காது சார்."

சிறுமி கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்து இறங்கினாள்.

"அப்பா, இவரோட சேர்த்து நாலு பேருக்கு முடின்னு சொல்லியாச்சு. அடுத்து வர்ற அண்ணனுக்கு அந்தக் காந்தத்தைச் சொல்லட்டா?"