சொட்டு நிற்காத ஷெட்

"அண்ணை, திரும்பவும் சொட்டுது!"

நோக்கியா போனில் குமுதினியின் குரலைக் கேட்டதும் சிவானந்தனுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பாதி லண்டனுக்குக் கூரை போட்ட மனுஷன். ஒரு தகர ஷெட் இப்படிப் படுத்துகிறதே! ஆனாலும் அது சொட்டாவிட்டால் லண்டனின் ஒரு கோடியில், மோர்டனில் இருப்பவருக்கு மறு கோடியில், அவள் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் என்ன வேலை?

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரோடு பேசுவது ரேடியோ மட்டும்தான். குமுதினியும் கணவனை இழந்து தனியாக இருப்பவள். வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் கல்யாணச் சட்டைகள் தைக்கிறாள். அவளோடு ஒரு வாய் தேநீர் குடிக்க அவர் மனம் கிழமை முழுக்க ஏங்கும். ஆனால் அவள் வாய் நிறைய "அண்ணை" என்றதும் அந்த ஏக்கம் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடும். அவர் மட்டும் மறந்தும் அவளைத் "தங்கச்சி" என்றதில்லை.

ஏணியோடு அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவள் பல்லுப் பல்லாய் வெட்டும் கத்தரிக்கோலால் பட்டுத் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். மேசைக்குத் தள்ளி, மூலையில் வைத்த வாளிக்குள் டொக் டொக்கென்று தண்ணீர் விழுந்தது. நல்லவேளை, பட்டில் ஒரு துளியும் படவில்லை.

"மழையே இல்லை, எப்படியண்ணை ஒழுகுது?"

"ஒழுக்கில்லை. ஹீட்டர்ச் சூடும் அயன்பொக்ஸ் ஆவியும் மேல போய்க் குளிர்ந்த தகரத்தில பட்டுத் தண்ணியாகுது. அதுக்குத்தானே தகரத்துக்குக் கீழ அட்டை வச்சு, ஆவி ஏறாமப் பிளாஸ்டிக் விரிச்சு, மூட்டெல்லாம் டேப் ஒட்டினனான். எங்கையோ ஒரு ஓட்டையால ஆவி பூருது."

"இண்டைக்குச் சரிவருமோ?"

"ஓம். கண்டுபிடிக்காமப் போகமாட்டன். இனி என்ர கரைச்சல் உங்களுக்கு இராது."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து டேப்பை எடுத்தார். கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"அவ்வளவு அவசரமில்லை அண்ணை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழும்பிப் போனாள்.

சிவானந்தன் ஏணியில் ஏறி ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தார். டேப் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியாக வாளிக்கு நேர் மேலே பிளாஸ்டிக்கில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். எலியாக இருக்குமோ? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார்.

கிழிசலின் ஓரம் பல்லுப் பல்லாய் இருந்தது.

டேப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கினார். குமுதினி தேநீரோடு நின்றாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓட்டை ஆம்பிட்டுதோ?"

"இல்லை, வாற சனியும் வரவேண்டிக் கிடக்கு" என்றார்.

குமுதினி கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, சீனி காணுமோ?" என்று கேட்டாள், அந்த "அண்ணை"யை விட்டுவிட்டு.