எர்ணாவூர்க் கரையில் ஓர் ஆமை

மணலில் குப்புற விழுந்த ஆமையால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகில் எட்டுக் கிலோ ஃபைபர் ஓடு. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் ரெக்ஸின் துடுப்புகள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

ஆமைக்குள் இருந்தவர் அவர்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர் செங்குட்டுவன். பங்குனி ஆமை எனும் கடலாமைகளைப் பற்றிப் பாடம் நடத்த டெபோரா என்கிற தன்னார்வலர் எர்ணாவூர்க் கடற்கரைக்கு வந்திருந்தார். அவரோடு ஆமை வேஷம் கட்டுகிற பாஸ்கலுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அந்த உடுப்பைத் தானே போட்டுக்கொள்வதாக, டெபோராவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார் செங்குட்டுவன்.

காரணம் இருந்தது. பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போக வேண்டுமென்று ஐந்தாம் வகுப்பு இரண்டு மாதமாக அவரை நச்சரித்தது. அடங்காத கூட்டம், நாரையைக் கண்டால் கல்லெறியும் என்று அவர் மறுத்துக்கொண்டே வந்தார். தான் இல்லாத இடத்தில் இவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று உள்ளேயிருந்தே பார்த்துவிட நினைத்தார். விழுவது மட்டும் திட்டத்தில் இல்லை.

முட்டையிடக் கரையேறும் ஆமையைத் தொடக் கூடாது, கிட்டே போய்ச் சத்தம் போடக் கூடாது, நாய் அண்டவிடக் கூடாது என்று டெபோரா சொல்லிக்கொடுத்து முடித்திருந்தார். மைக்குக்கு பேட்டரி தீர்ந்துவிட, வாங்கிவரக் கடைப்பக்கம் போயிருந்தார்.

ஆமை குரலை மாற்றிக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் தூக்கிவுடேன்" என்றது.

"தொடக் கூடாதுன்னு மிஸ் சொல்லிக்கீறாங்க" என்றான் பீம்ராவ். "நீங்க பாட்டுக்குப் படுத்துக்கினு இருங்க."

போலீஸ்காரரையே 'நைனா' என்று கூப்பிடுகிற பையன், ஓர் ஆமைக்கு 'இருங்க' என்று மரியாதை கொடுக்கிறான். செங்குட்டுவன் உடுப்புக்குள் மெச்சிக்கொண்டார்.

வெயில் ஏறியது. ஜெயஸ்ரீ சுள்ளிகளை நட்டு வேலி கட்டினாள். இரண்டு பேர் நாய்களை விரட்டினார்கள். மலர் வால்பக்கம் மண்டியிட்டு முழ ஆழத்துக்குக் குழி தோண்டினாள். நூறு முட்டை கொள்ள வேண்டுமாம்.

அந்த வழியாக மீன்கூடையோடு வந்த கோவிந்தம்மா, உள்ளே யாரோ முனகுவதைக் கேட்டுத் தூக்கிவிடக் குனிந்தார்.

"வேணாங்கா, இது காட்டிலாகா கேஸு. தொட்டா உள்ள தள்ளிடுவாங்க" என்றாள் மலர். "இன்னும் ஒரு முட்டகூட வரல."

கோவிந்தம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினார்.

அரை மணி நேரம் போயிற்று. காதில் மணல், சட்டைக்குள் ஏதோ ஒரு குட்டி நண்டு ஊர்ந்தது. 'நான்தான் ஹெச்.எம்.' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தை சாயங்காலத்துக்குள் திருவொற்றியூர் வரை போய்விடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதையும் மீறி அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கல் எடுக்கவில்லை, ஓட்டின் மீது ஏறவில்லை, சத்தமே இல்லை. இந்தப் பிள்ளைகளையா சந்தேகப்பட்டோம் என்று உடுப்புக்குள் வெட்கப்பட்டார்.

டெபோரா திரும்பி வந்தவர், பதறிப்போய் ஆமையின் தலையருகே குனிந்தார். செங்குட்டுவன் அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

டெபோரா நிமிர்ந்து, பழவேற்காட்டுக்குப் போக ஹெச்.எம். அனுமதி கொடுத்துவிட்டார், வெள்ளிக்கிழமை பஸ் வரும் என்று அறிவித்தார்.

யாரும் குதிக்கவில்லை. மலர் மட்டும் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ ஹெச்.எம். சாரத் தூக்கிடலாமா மிஸ்?"